சப்பாத்தும் சப்பாத்தியும்

காலை ஏழே முக்காலுக்குச் சிங்கப்பூரின் துவாஸில் உள்ள கப்பல் பட்டறை ஒன்றின் தகரக் கூரைக்குக் கீழே நாற்பது பேர் வரிசையாக வந்து நிற்பார்கள். விடுதியிலிருந்து லாரியின் பின்புறத்தில் உட்கார்ந்து வந்த களைப்பு பல முகங்களில் அப்படியே இருக்கும். அன்றைக்குக் கப்பலின் எந்தத் தொட்டிக்குள் யார் இறங்குகிறார்கள், உள்ளே வாயு சோதித்த தாள் வாயிலில் ஒட்டப்பட்டிருக்கிறதா, சாரத்தில் ஏறலாம் என்று காட்டும் பச்சை அட்டை தொங்குகிறதா என்பதையெல்லாம் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டியது என் பொறுப்பு. டூல்பாக்ஸ் மீட்டிங் என்று அதற்குப் பெயர். பதினைந்து ஆண்டுகளாக இந்தத் துறையில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். மாதத்தில் நான்கைந்து இரவுகள் மேடையில் நின்று ஸ்டாண்ட்-அப் நகைச்சுவை செய்கிறேன். பார்ப்பவர்கள் எல்லாரும் இரண்டாவது வேலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். முதல் வேலை இல்லாவிட்டால் இரண்டாவது எனக்கு வந்தே இருக்காது.

2013இல் தமிழ்நாட்டிலிருந்து எட்டுப் பேர் புதிதாக வந்து சேர்ந்தார்கள். அவர்களில் மூவர் சாதாரணச் செருப்போடு நின்றதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாளையிலிருந்து சப்பாத்து இல்லாம ஒருத்தரும் உள்ள வரக்கூடாது. காலையில சப்பாத்து இல்லன்னா அப்படியே திருப்பி அனுப்பிடுவேன்" என்று குரலை உயர்த்திச் சொன்னேன். மூன்றாவது வரிசையில் நின்ற மன்னார்குடிப் பக்கத்து இளைஞர் ஒருவர் கையைத் தூக்கி, மிகுந்த பணிவோடு, "அண்ணே, எனக்கு சோறுதாண்ணே பழக்கம். சப்பாத்தி ஒத்துக்காது" என்றார்.

சப்பாத்து என்பது போர்த்துக்கீசியர் வழியாக வந்த சொல். என் பாட்டி காலத்திலிருந்து எங்கள் வீட்டில் காலணிக்கு வேறு சொல் கிடையாது. அது உலகத் தமிழர் அனைவருக்கும் தெரிந்த சொல் என்றே நான் முப்பது வயது வரை நம்பியிருந்தேன். அந்த வரிசையில் பல ஆண்டுகள் இங்கே இருந்த பழைய ஆட்களுக்கு இரண்டு சொல்லும் தெரியும் என்பதால் அவர்கள் முதலில் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததைப் பார்த்துப் பங்களாதேஷ் ஊழியர்கள் சிரித்தார்கள். யாரோ விளக்கிச் சொன்ன பிறகு புதியவர்கள் சிரித்தார்கள். கடைசியாகத்தான் நான் சிரித்தேன். மறுநாள் காலையில் எட்டுப் பேரின் காலிலும் பாதுகாப்புக் காலணி இருந்தது. அதற்கு முன் நான் எத்தனையோ அறிவிப்புகளை உரக்கப் படித்திருக்கிறேன், ஒன்றுகூட அவ்வளவு சீக்கிரம் வேலை செய்ததில்லை.

அன்றிலிருந்து அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு சிரிப்புக்காவது இடம் வைத்துப் பேசப் பழகினேன். அடுத்த ஆண்டு நண்பர் ஒருவர் வற்புறுத்தி என்னை, யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பேசிப் பார்க்கும் ஆங்கில ஓப்பன் மைக் ஒன்றுக்கு அழைத்துப் போனார். ஆற்றோரத்து மதுக்கூடம் ஒன்றின் மாடியில் முப்பது நாற்காலிகள், ஒரு மைக், நான் முக்கியமான சொல்லுக்கு வரும்போதெல்லாம் கடகடவென்று கட்டிகளைக் கொட்டும் ஓர் ஐஸ் இயந்திரம். ஒருவருக்கு ஐந்து நிமிடம். நான்காவது நிமிடத்தில் பின்னாலிருந்து கைப்பேசி விளக்கைக் காட்டுவார்கள். 1990களில் பூகிஸ் வட்டாரத்தின் பூம் பூம் ரூம் என்ற கேளிக்கைக்கூடத்தில் நகைச்சுவைக் கலைஞர் குமார் நின்று எல்லா இனத்தவரையும் சிரிக்க வைத்த ஊர் இது. ஆகவே என்னைப் போன்ற முகம் மேடையேறுவது யாருக்கும் புதுமையாகத் தெரியவில்லை. ஆனால் அதற்காக யாரும் சிரித்துவிடவும் இல்லை. மூன்று வாரம் தொடர்ந்து மொக்கை வாங்கினேன். விளக்கைக் காட்டும்வரை நிற்பதே பெரும்பாடாக இருந்தது.

நான்காவது வாரம், வேறு வழி தெரியாமல், பட்டறையில் எங்கள் ஆட்கள் பேசும் ஆங்கிலத்தை அப்படியே பேசிக் காட்டினேன். "யெஸ் பாஸ், நோ பிராப்ளம் பாஸ், ஒன்லி ஸ்மால் ஃபயர் பாஸ்." கூடம் அதிர்ந்தது, ஐஸ் இயந்திரத்தின் சத்தம் யார் காதிலும் விழவில்லை. அதன் பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்தக் குரல்தான் எனக்குச் சோறு போட்டது. (உண்மையில் சோறு போட்டது பட்டறைச் சம்பளம்தான். மேடையில் கிடைத்தது டாக்சிக் கட்டணத்துக்குக்கூடச் சரியாக இருக்காது.)

இங்கே பொதுநிகழ்ச்சிக்கு உரிமம் வாங்க வேண்டும், இனத்தையும் சமயத்தையும் தொட்டுப் பேசுவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்பதெல்லாம் இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித்தரப்படும் பாடம். வெளியூர்க் கலைஞர்கள் எங்களைச் சந்தித்தால் முதலில் கேட்பதும் அதைத்தான். எனக்கு அந்தக் கோடு ஒருநாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை, ஏனென்றால் நான் செய்த பகடி அந்தக் கோட்டுக்கு மிகவும் உள்ளேயே இருந்தது. என்னைத் தடுத்து நிறுத்த எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை.

2016இல் என் நிகழ்ச்சியின் நாற்பது வினாடித் துண்டு ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கியது. ஒரு நாள் மதிய உணவு நேரத்தில், சப்பாத்தி ஒத்துக்காது என்று சொன்ன அதே மன்னார்குடிக்காரர் கைப்பேசியோடு என்னிடம் வந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவரோ முகமெல்லாம் சிரிப்பாக, "அண்ணே, அச்சு அசல் எங்கள மாதிரியே பேசுறீங்கண்ணே. நான் பேசுறப்ப இப்படித்தான் இருக்குமா? இத ஊர்ல தங்கச்சிக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டார். "அனுப்புங்க தம்பி" என்றேன். அவர் போன பிறகு சோற்றுப் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டேன். அவர் சண்டை போட்டிருந்தால் என்னிடம் பதில் தயாராக இருந்தது: அன்பால் செய்தது, நானும் தமிழன்தானே, இப்படி நிறைய. "நான் பேசுறப்ப இப்படித்தான் இருக்குமா?" என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. அதற்கு முன்பு அவர் தம் ஆங்கிலத்தைப் பற்றிக் கூச்சப்பட்டு நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு மேலாளர் முன்னால் பேசும்போது ஒரு கணம் தயங்கி என்னைப் பார்த்தார். நான் கற்பனை செய்துகொண்டேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன், கற்பனையாகத் தோன்றவில்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது நகை. அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது நூற்பா. பள்ளியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன வரியைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு தேடி எடுத்துப் படித்தபோது, பழைய உரை ஒன்றில் எள்ளலை இரண்டாகப் பிரித்திருப்பதைக் கண்டேன்: பிறரை எள்ளித் தான் நகுவது ஒன்று, பிறரால் எள்ளப்பட்டபோது தானே நகுவது இன்னொன்று. அந்த மதிய நேரத்தில் எதிரெதிரே நின்ற எங்கள் இருவரையும் பார்த்து எழுதியதுபோல இருந்தது. நான் மேடையில் கையாண்டது முதல் வகை, அவர் முகத்தில் நான் பார்த்தது இரண்டாவது. ஆனால் 2013இல் சப்பாத்துக்குப் பிறந்த சிரிப்பு இரண்டிலும் சேராது. அது பேதைமையில் பிறந்தது. அதிலும் பேதைமை என்னுடையது.

அந்தக் குரலை விட்டுவிட்டேன் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். விடுவதற்கு எட்டு மாதம் பிடித்தது. கூட்டம் விறைத்துக் கிடக்கும் இரவுகளில் கை தானாக அந்தப் பெட்டியைத் திறந்துவிடும். கடைசியில் அதன் இடத்தில் சப்பாத்துக் கதையை, நடந்தது நடந்தபடி, நான் ஏமாந்ததை நடுவில் வைத்துச் சொல்லத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் அது பாதிதான் எடுபட்டது. அதனால்தான் தமிழ் மேடைக்கு வந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தமிழில் சிரிக்க வைப்பதில் ஒரு வசதி இருப்பதை அங்கேதான் கண்டுகொண்டேன். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. செய்தாரா செய்யவில்லையா என்பதும் அந்த வினையின் வாலில்தான் தொங்குகிறது. ஆங்கிலத்தில் 'நாட்' என்ற சொல் முன்னாலேயே வந்து குட்டை உடைத்துவிடும். "எங்க மேலாளர், எங்களுக்கு ஒரு நல்லது நடக்குதுன்னா, ராத்திரி பகல் பார்க்காம, சாப்பாட்டைக்கூட விட்டுட்டு ஓடி வந்து" என்று சொல்லி நிறுத்தினால் கூட்டம் முழுவதும் அந்த வினைக்காகக் காத்திருக்கும். அப்போது "தடுத்துடுவார்" என்று மெதுவாக வைத்தால் போதும். குரலை உயர்த்தத் தேவையே இல்லை. பட்டிமன்றப் பேச்சாளர்களைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் அந்த நிறுத்தத்திலேயே சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். வினை அவர்களுக்கு உபரி.

ஆனால் தமிழ் மேடை என்பது ஒரே கூட்டம் அன்று. ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாக் காலத்தில் சமூக மன்றத்தில் பேசினால் முன்வரிசையில் தேக்கா, சிராங்கூன் சாலை என்ற பழைய இந்தியர் வட்டாரம் தெரிந்த பாட்டிகள், அடுத்து தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய கணினித் துறையினர், கடைசி வரிசையில் பெற்றோர் இழுத்து வந்த பிள்ளைகள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் இந்நாட்டு மக்களில் 2.5 விழுக்காடுதான், 2010இல் 3.3 விழுக்காடாக இருந்தது. என் மகள் கணக்கில் வராத பக்கத்தில் இருக்கிறாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஆனால் என் புதிய நகைச்சுவைகளை முதலில் அவளிடம்தான் சொல்லிப் பார்க்கிறேன். அவளுக்குப் புரிந்தால் கடைசி வரிசைக்குப் புரியும். "அப்பா, அந்த வேர்ட் யாருக்கும் தெரியாது" என்று அவள் சொன்ன சொற்களை ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அந்தப் பட்டியல் வளர்ந்துகொண்டே போவது வேறு கவலை.

மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் மேடையில் எதுவும் கைகொடுக்காதபோது எல்லா ஆண்களும் ஓடிப் போய் ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான். நானும் ஒளிந்தேன். அவர் வைக்கும் ரசத்தை நாங்கள் பட்டறையில் துரு எடுக்கப் பயன்படுத்துகிறோம் என்று ஒரு துணுக்கு; கைதட்டல் குறைந்ததே இல்லை. அவர் பாலர் பள்ளி ஆசிரியர், நன்றாகச் சமைப்பவர். ஒரு மாலை வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்கி வைக்காமல், "எங்க ஸ்கூல்ல பார்ட்டிக்கு எல்லாரையும் சமைச்சு எடுத்துட்டு வரச் சொன்னாங்க. என்னைய மட்டும் பேப்பர் தட்டு வாங்கிட்டு வரச் சொல்லிட்டாங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் சொல்லுங்க. ஆனா நடந்தத சொல்லுங்க. நடக்காதத என் தலையில கட்டாதீங்க" என்றார். இன்று வரை எங்கள் வீட்டில் அதுதான் உரிமம். அந்தப் பேப்பர் தட்டுக் கதை நடந்தது என்பதால் அதை அவர் அனுமதியோடு சொல்கிறேன், ரசத் துணுக்கைவிட அதற்குச் சிரிப்பு அதிகம்.

2020இல் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாடே வீட்டுக்குள் இருந்தது. விடுதிகளில் இருந்த எங்கள் ஆட்களுக்கு அது இன்னும் பல மாதம் நீண்டது. மேடை இல்லை, பட்டறை இல்லை. காலை ஏழே முக்காலுக்கு விழித்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு நிமிடக் குரல் பதிவு ஒன்றைக் குழுவில் போட்டேன்: "எல்லாரும் சப்பாத்து போட்டாச்சா? கட்டிலிலிருந்து இறங்கும்போது மூணு இடத்துல பிடி இருக்கணும்." பதில் ஒன்றும் வரவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் பன்னிரண்டு வினாடிப் பதிவு ஒன்று வந்தது. மின்விசிறிச் சத்தம், அதற்கு மேலே ஓர் அறை நிறையச் சிரிப்பு, யாரோ ஒருவரின் இருமல். தினமும் அனுப்பினேன். சில நாள் சிரிப்பு வரும், சில நாள் "அண்ணே, எப்பண்ணே வேலைக்குக் கூப்பிடுவாங்க?" என்ற கேள்வி மட்டும் வரும். எனக்குத் தெரியாது என்பதையும் குரல் பதிவாகவே அனுப்பினேன்.

மன்னார்குடிக்காரர் இப்போது சூப்பர்வைசர். சென்ற ஆண்டு ஒரு காலையில் நான் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். அவரே கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். புதிதாக வந்த ஆறு பேர் முன்வரிசையில் நின்றார்கள். "நான் வந்த புதுசுல, இங்க ஒரு சேஃப்டி அண்ணன் இருந்தாரு" என்று தொடங்கினார். என் குரலை அப்படியே பிடித்து, மூக்கை லேசாக விடைத்து, "சப்பாத்து இல்லாம ஒருத்தரும் உள்ள வரக்கூடாது" என்று அதட்டினார். நான் மேடையில் சொல்லும்போது அந்த இடத்தில் உடனே அடுத்த வரிக்குப் போய்விடுவேன். அவர் நிறுத்தினார். முதலில் புதியவர்களின் கால்களைப் பார்த்தார், பிறகு தம் வயிற்றைத் தடவிக்கொண்டார், அதற்கும் பிறகுதான் "அண்ணே, எனக்கு சோறுதாண்ணே பழக்கம்" என்றார். கூரை அதிர்ந்தது. நான் தூணுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டேன். நான் பேசும்போது இப்படித்தான் இருக்குமா என்று அவரிடம் கேட்க வேண்டும்.