கிளிக் சத்தம் வந்துவிட்டால் போதுமா?

வீல் நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கேட்டால் நம் வேலூர்ப் பக்கம் கிடைக்கிற பதில் "நல்லா டைட்டா வெச்சிடுங்க சார்" என்பதுதான். நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடையில் ஏர் கன்னை வைத்து 'டர்ர்' என்று ஒரு நட்டுக்கு நாலு நொடி அடிக்கிறார்கள். கன் இல்லாத இடத்தில் ஸ்பேனர் மேல் ஏறி நின்று ஒரு மிதி. அப்புறம் ஒருநாள் ராத்திரி வழியில் டயர் போய், வயதான அப்பாவோ தனியாக வண்டி ஓட்டும் தங்கையோ ஸ்டெப்னி மாற்ற இறங்கினால், அந்த நட்டு அசையவே அசையாது. இதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பழைய ஸ்விஃப்ட் கார்களின் ஓனர் மேனுவலில் வீல் நட்டுக்கு 85 நியூட்டன் மீட்டர் (திருப்பும் பலத்தை அளக்கும் அலகு) என்று இருக்கும். ஒரு அடி நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 28 கிலோ கனத்துக்கு அழுத்தினாலே அது வந்துவிடும். அதே ஸ்பேனரின் நுனியில் 70 கிலோ ஆள் ஏறி நின்றால் 200-ஐத் தாண்டிவிடும். இதே மாதிரி அடிக்கடி நடந்தால் ஸ்டட், அதாவது நட்டு ஏறும் மரைக் கம்பி, நீளும், மரை போகும். ஒரு நட்டு ரொம்ப டைட், பக்கத்து நட்டு லூஸ் என்று இருந்தால் பிரேக் டிஸ்க் கோணிக்கொள்ளும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் மிதித்தபடி இறங்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறதென்றால் இதையும் ஒரு காரணமாகச் சந்தேகப்படுங்கள்.

அதனால்தான் வீட்டில் கார் வேலை பார்க்கிறவர்கள் டார்க் ரெஞ்ச் ஒன்று, அதாவது நாம் வைத்த அளவுக்கு இறுகியதும் 'கிளிக்' என்று சத்தம் கொடுக்கும் ஸ்பேனர், வாங்கி வையுங்கள் என்கிறேன். ஆனால் வாங்கியவர்களில் பலர் கிளிக் சத்தம் கேட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த ரெஞ்ச் அளப்பது நட்டைத் திருப்ப எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்பதை மட்டும்தான். வீலை எவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நாம் கொடுக்கும் பலத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் மரையிலும் நட்டு உட்காரும் இடத்திலும் உராய்விலேயே போய்விடுகிறது, மிச்சம் 10 சதவீதம்தான் ஸ்டட்டை இழுத்துப் பிடிக்கிறது. மரையில் துரு இருந்தால் உராய்வு கூடி, நட்டு சரியாக உட்காரும் முன்பே கிளிக் வரும். எண்ணெயோ கிரீஸோ இருந்தால் நேர்மாறாக, கிளிக் வருவதற்குள் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபட்டுவிடும். வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று எண்ணெய் தடவும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு, தயவுசெய்து விட்டுவிடுங்கள். கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்தால் போதும். மேனுவல் வேறு எதுவும் சொல்லாதவரை, அதில் போட்டிருக்கும் டார்க் அளவு காய்ந்த, சுத்தமான மரைக்குத்தான்.

இன்னொன்று, ரெஞ்ச்சில் இரண்டு ஸ்கேல் இருக்கும். 85-ஐ ஃபுட் பவுண்டு பக்கம் வைத்துவிட்டால் அது 115 நியூட்டன் மீட்டர். மேனுவலில் கிலோகிராம்-விசை மீட்டரில், அதாவது கேஜிஎஃப் மீட்டரில் (kgf·m) போட்டிருந்தால் 9.8-ஆல் பெருக்கி நியூட்டன் மீட்டராக்கிக்கொள்ளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். ஓடி வந்த சூட்டில் செய்ய வேண்டாம். மே மாத வெயிலில் நம் ஊரில் வண்டி நின்றாலே கொதிக்கும், அதனால் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். நட்டுகளைக் கையால் முழுதும் ஏற்றி, சாதாரண ஸ்பேனரால் லேசாகப் பிடிக்க வைத்து, ஜாக்கியை இறக்கி டயர் தரையில் பட்ட பிறகுதான் டார்க் ரெஞ்ச்சை எடுக்க வேண்டும். நாலு நட்டு என்றால் குறுக்குக்குக் குறுக்கு, ஐந்து என்றால் நட்சத்திரம் வரைகிற வரிசை. கைப்பிடியின் நடுவில் பிடித்து, வெட்டி இழுக்காமல் ஒரே சீராக இழுங்கள். முதல் கிளிக்கில் கை நின்றுவிட வேண்டும். "இன்னொரு கிளிக் வெச்சா நல்லது" என்று சேர்த்து இழுப்பது வெறும் அதிக இறுக்கம். கைப்பிடியில் பைப் மாட்டவே கூடாது, கழற்றவும் இந்த ரெஞ்ச்சை எடுக்கக் கூடாது.

ஏற்கெனவே கன் அடித்த நட்டில் ரெஞ்ச்சை வைத்து, உடனே கிளிக் வந்ததும் "சரியா இருக்கு" என்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 200-க்கு இறுகிய நட்டும் 85-ல் கிளிக் கொடுக்கத்தான் செய்யும்! ஒவ்வொன்றாகக் கால் சுற்று லூஸ் பண்ணி மறுபடி இறுக்கினால்தான் உண்மை தெரியும். நான் இப்போதெல்லாம் கடையிலேயே சொல்லிவிடுவேன்: "அண்ணா, கன் வேணாம், கையிலயே மாட்டிடுங்க, கடைசி டைட் நான் வெச்சுக்கறேன்." வீல் மாற்றிய பிறகு 50, 100 கிலோமீட்டர் ஓட்டியதும் இன்னொரு முறை பார்த்துவிடுவது நல்லது, அலாய் வீலுக்குக் கட்டாயம்.

ஸ்பார்க் பிளக்கிற்கு இந்தப் பெரிய ரெஞ்ச் ஆகாது. 14 மில்லிமீட்டர் பிளக்கை அலுமினிய ஹெட்டில் (இன்ஜினின் மேல் பகுதி) மாட்ட 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20தான். பெரிய ரெஞ்ச்சின் அடி எல்லையில் கிளிக் கைக்கே தெரியாது, மீறி இறுக்கினால் ஹெட்டின் மரையே போய்விடும். அதற்குச் சின்னதாக ஒன்று தனியாக வேண்டும். சிலிண்டர் ஹெட் போல்ட் போன்ற, டார்க் வைத்துவிட்டு மேலும் இத்தனை டிகிரி திருப்பு என்று வருகிற வேலைகளை வீட்டில் தொடாதீர்கள்.

வேலை முடிந்ததும் ஸ்கேலை அதன் குறைந்தபட்ச அளவுக்கு இறக்கி வையுங்கள், அதற்கும் கீழே திருகி ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட வேண்டாம். கீழே விழுந்த ரெஞ்ச்சைக் காலிபரேஷன், அதாவது அளவு சரியாகக் காட்டுகிறதா என்ற சோதனை, பார்க்காமல் நம்பாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் இரவல் கேட்டால், கழற்றுவதற்கா மாட்டுவதற்கா என்று கேட்டுவிட்டே கொடுங்கள்.