இருக்கிறவன்

அந்த அம்மாவோடு தொலைபேசியில் பேசியது பத்து நிமிடம்கூட இருக்காது. அதில் ஒரு சொல் இன்னும் என்னை விடவில்லை.

லண்டனில் ஒரு கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி மன்றத்தின், வரிப் பிரிவில் இருக்கிறேன். வீட்டில் வயதுவந்தவர் ஒருவர்தான் என்றால் கவுன்சில் டாக்ஸ் என்ற வீட்டு வரியில் 25 சதவீதம் தள்ளுபடி. 1996-இல் தொடங்கிய, மோசடிகளைக் கண்டுபிடிக்கும் நேஷனல் ஃபிராட் இனிஷியேட்டிவ் என்ற அரசுத் திட்டம் அந்தத் தள்ளுபடிப் பட்டியலை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒரே முகவரியில் இன்னொரு பெயர் தெரிந்தால் எங்களுக்கு அனுப்பும். அதை 'மேட்ச்' என்போம். மேட்ச் வந்ததாலேயே மோசடி ஆகிவிடாது, விசாரித்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அந்த விசாரிக்கும் ஆள்தான் நான்.

அந்த அம்மாவின் வீட்டுக்கும் ஒரு மேட்ச் வந்தது. எங்கள் கடிதம் கிடைத்து அவரே கூப்பிட்டார். பெயரைப் பார்த்துத் தமிழில் பேசினேன். "தமிழோ தம்பி?" என்றார், குரலில் அவ்வளவு நிம்மதி. மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்ப்பதுதான் முறை. எனக்கே தமிழ் தெரியும்போது எதற்கு என்று விட்டுவிட்டேன். நான் திருச்சிக்காரன். அவர் யாழ்ப்பாணம்.

வாக்காளர் பட்டியலில் இருக்கும் இன்னொரு பெயர் யாருடையது என்று கேட்டேன்.

"அவன் என்ர பெறாமகன், தம்பி. இஞ்சதான் இருக்கிறவன்."

பெறாமகன் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். என்னவென்று விசாரித்தேன். "தங்கச்சியின்ர மோன்" என்றார். குறித்துக்கொண்டேன். படிக்கிறாரா என்று கேட்டேன். முழுநேர மாணவர் என்றால் கணக்கில் வராது, தள்ளுபடி தொடரும். இல்லை, வேலை செய்கிறான் என்றார். அப்புறம் கோப்பில் ஆங்கிலத்தில் எழுதினேன்: தங்கை மகன் இங்கே வசிப்பதாக ஒப்புக்கொண்டார். 14 மாதத் தள்ளுபடி ரத்தாகி, புது பில் போனது. அவர் எதிர்த்து ஒன்றும் எழுதவில்லை. தவணையில் கட்டி முடித்துவிட்டார்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு தமிழ்க் கடையில் வரிசையில் நிற்கிறேன். முன்னால் நின்ற பெண் கடைக்காரரிடம், "அப்பா உயிரோட இருக்கேக்க இந்தக் கடைக்குத்தான் வாறவர்" என்றாள். இறந்துபோன மனிதர் 'வாறவர்'. எனக்குச் சட்டென்று அந்தத் தொலைபேசிக் குரல் கேட்டது. கூட வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்காவிடம் மறுநாள் போய்க் கேட்டேன். "ஓம், முந்தி இருந்ததுக்கும் அப்பிடித்தான் சொல்லுவம். இப்ப இருக்கிறதுக்கும் சொல்லலாம். ஏன் தம்பி?" என்றார்.

அந்த அம்மா 'முந்தி' என்று சொன்னாரா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. சில இரவு சொன்னதுபோல் இருக்கிறது. காலையில், அதை நானேதான் சேர்த்துக்கொள்கிறேன் என்று தோன்றுகிறது. பதிவு செய்த ஒலி அதற்குள் அழிக்கப்பட்டுவிட்டது.

ஊரிலிருந்து வந்த பையன் முதலில் பெரியம்மா வீட்டில் தங்கியிருக்கலாம். இலங்கைக் குடிமகன், காமன்வெல்த் நாட்டுக்காரன் என்பதால் இங்கே வாக்காளராகப் பதியலாம். பட்டியலில் பெயர் இருந்தால் கடன் மதிப்பெண்ணுக்கும் நல்லது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அப்புறம் எங்காவது அறை எடுத்துப் போயிருப்பான். அறை அறையாக வாடகைக்கு விடும் வீட்டில் வரி வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கும். அவன் போனதற்கு எங்கள் கணினியில் தடயமே இருக்காது. இதெல்லாம் என் ஊகம். பெரியம்மா வீட்டிலேயே இன்றுவரை அவன் இருக்கவும் கூடும்.

நான் செய்தது தவறென்று முழுதாக ஒப்பவும் மனம் வரவில்லை. பொய் சொல்லித் தள்ளுபடி வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பணம் பக்கத்து வீட்டுக்காரர் கட்டுவது. தனியாகக் கிடக்கும் முதியவர்களைக் குளிப்பாட்டப் போகும் ஆட்களுக்குச் சம்பளம் அதிலிருந்தும்தான் போகிறது. அதைக் காப்பது நல்ல வேலை என்று இன்றும் நம்புகிறேன். பில்லோடு மேல்முறையீட்டுக் குறிப்பும் போனது. ஆனால் அது ஆங்கிலத்தில் போனது. ஆங்கிலம் வராததால்தானே என் தமிழைக் கேட்டு அவருக்கு அவ்வளவு நிம்மதி? "அங்கே இப்போது இருக்கிறாரா, எப்போதிலிருந்து?" என்று இன்னும் ஒரு கேள்வி. அரை நிமிடம் ஆகியிருக்கும். பெறாமகனுக்குப் பொருள் கேட்டவன், இருக்கிறவனுக்குக் கேட்கவில்லை. அது எனக்குத் தெரிந்த சொல்.

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபிக்கவில்லை. முறைப்படி மொழிபெயர்ப்பாளரை வைத்து வேறொருவர் கூப்பிடட்டும் என்றார். கூப்பிட்டார்கள். குறிப்பைத் திறந்து படித்தேன். ஒரே வரி, ஆங்கிலத்தில்: அது முடிந்துபோன விஷயம், அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை என்கிறார்.

தமிழில் அவர் என்ன சொன்னார் என்று அதில் இல்லை.