உரிமத் துப்பாக்கியும் இரவு வாகனச் சோதனையும்

சௌகார்பேட்டை நகைக்கடை வாசல்களிலும், வங்கிகளிலும், ஏ.டி.எம்.களுக்குப் பணம் ஏற்றிச் செல்லும் வண்டிகளிலும் துப்பாக்கியோடு நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். வட சென்னையில் முறையாக உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் எனக்குத் தெரிந்த பலர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று இப்படிக் ‘கன்மேன்’ வேலை பார்க்கிறவர்கள்தான். தண்டையார்பேட்டையில் குடியிருக்கும் என் தாய்மாமாவும் அப்படிப்பட்டவர். சொந்தமாக ஒரு பன்னிரண்டு போர் (bore, குழல் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருக்கிறார். அது இருப்பதால்தான் அவருக்கு அந்த வேலையும் சம்பளமும். இவர்களைக் காவல் துறை எப்படி எதிர்கொள்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்து வருவதால், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன், கடை அடைத்த பிறகு ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மாமாவைத் தங்கசாலை மணிக்கூண்டு அருகே இரவுச் சோதனையில் நிறுத்தினார்கள். முதுகில் மாட்டியிருந்த நீண்ட ரெக்சின் உறையைத் தொட்டுப் பார்த்த இளம் காவலர் சட்டென்று இரண்டடி பின்வாங்கியிருக்கிறார். மாமா ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்காமலேயே, “சார், இது லைசென்ஸ் துப்பாக்கி. உள்ளே தோட்டா இல்லை. லைசென்ஸ் புத்தகம் சட்டைப் பையில் இருக்கிறது, நீங்களே எடுத்துப் பாருங்கள்” என்று சொல்லியிருக்கிறார். காவலர் எடுத்துப் பார்த்தார். ஆனால் அந்தப் புத்தகத்தில் எதைப் பார்ப்பது, துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண்ணை எதோடு ஒப்பிடுவது என்பது அவருக்குத் தெரியவில்லை. காவல் நிலையத்துக்கு அழைத்துப் போய், “உட்காருங்க பெரியவரே” என்று டீ வாங்கிக் கொடுத்து, நள்ளிரவுக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். யாரும் ஒரு சொல் தவறாகப் பேசவில்லை. துப்பாக்கி மட்டும் மறுநாள்தான் கைக்கு வந்தது.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் இதற்கென்றே 19ஆம் பிரிவு இருக்கிறது. ஆயுதம் எடுத்துச் செல்பவரிடம் எந்தக் காவல் அதிகாரியும் உரிமத்தைக் காட்டச் சொல்லலாம். அவர் காட்ட மறுத்தாலோ காட்ட முடியாமல் போனாலோ பெயரையும் முகவரியையும் கேட்கலாம், தேவைப்பட்டால் ஆயுதத்தைக் கைப்பற்றலாம். பெயரைச் சொல்லவும் மறுத்தால் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். மாமா இவற்றில் எதையும் மறுக்கவில்லை. பொது இடத்தில் துப்பாக்கியை உறையிட்டு முழுதும் மூடித்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்ற 2016ஆம் ஆண்டு விதியையும் அவர் மீறவில்லை. அப்படியிருந்தும் துப்பாக்கி ஓரிரவு நிலையத்தில் கிடந்ததற்குக் காவலரின் கெட்ட எண்ணம் காரணமல்ல, அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காததுதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

சொல்லிக்கொடுக்காததன் விலை சில இடங்களில் உயிராகவே இருந்திருக்கிறது. 2016 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பள்ளி உணவகத்தில் பணியாற்றிய ஃபிலாண்டோ காஸ்டீல் என்ற 32 வயதுக்காரரின் காரைக் காவலர் நிறுத்தினார். தம்மிடம் துப்பாக்கி இருப்பதைக் காஸ்டீல் தாமாகவே, பணிவாகவே தெரிவித்தார். அவரிடம் உரிமமும் இருந்தது. அடுத்த சில நொடிகளில் அந்தக் காவலர் ஏழு முறை சுட்டார். பக்கத்து இருக்கையில் காதலியும் பின்னிருக்கையில் அந்தக் காதலியின் நான்கு வயது மகளும் இருந்தார்கள். 2017 ஜூனில் அந்தக் காவலர் விடுதலை செய்யப்பட்டார். மிச்சிகன் போன்ற சில மாநிலங்களில், காவலர் நிறுத்தியதும் துப்பாக்கி இருப்பதை உரிமதாரர் உடனே சொல்லியாக வேண்டும் என்று சட்டமே கட்டாயப்படுத்துகிறது. அதைக் கேட்ட பிறகு காவலர் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதே அளவு கறாராக இருந்தாக வேண்டாமா? துப்பாக்கி மலிந்த நாட்டின் காவலரே பதறுகிறார் என்றால், உரிமத் துப்பாக்கியைச் சாலையில் அரிதாகவே பார்க்கும் நம் ஊர்க் காவலரின் பதற்றம் எனக்குப் புரிகிறது. அதனாலேயே கவலையும் கூடுகிறது.

மாமாவை உண்மையில் வாட்டுவது தேர்தல் காலம். தேர்தல் அறிவிப்பு வந்த சில நாட்களுக்குள், தேர்தல் முடியும்வரை துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி நிலையத்திலிருந்து போன் வந்துவிடும். அவர் முதல் நாள் இரவே துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்து, குழல்களுக்குள் எண்ணெய்த் துணியை விட்டு இழுத்து, பழைய வேட்டியில் சுற்றி வைப்பார். காசிமேட்டு உப்புக்காற்றுக்கு இரும்பு தாங்காது. நிலையத்தில் ரைட்டர் குழலை மடக்கி டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து, எண்ணைச் சரிபார்த்து, தோட்டாக்களை எண்ணி, அட்டை கட்டி, பதிவேட்டில் எழுதி ரசீது தருவார். அந்த மேசையில் எல்லாமே ஒழுங்காக நடக்கிறது, ஏனென்றால் அங்கே ஒரு நடைமுறை இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16 அன்று அறிவிப்பு வந்தது. தமிழகத்தில் ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு முடிந்தும், ஜூன் 4 அன்று முடிவு வெளியாகி, அதற்குப் பிறகுதான் துப்பாக்கி திரும்பி வந்தது. அதுவரை அவர் கன்மேன் இல்லை, வாட்ச்மேன். சம்பளமும் வாட்ச்மேன் சம்பளம்தான். திரும்பி வந்த துப்பாக்கியின் ஒரு குழலில் துருப் பிடித்திருந்தது.

தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதலோ, யார் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்று பார்க்கும் ஆய்வுக் குழு ஒவ்வொரு உரிமதாரரையும் தனித்தனியாகப் பரிசீலிக்க வேண்டும் என்கிறது. ஜாமீனில் இருப்பவர்கள், குற்றப் பின்னணி உள்ளவர்கள், முன்பு கலவரத்தில், குறிப்பாகத் தேர்தல் நேரக் கலவரத்தில் ஈடுபட்டவர்கள் ஆகியோரைத்தான் அது முக்கியமாகக் குறிப்பிடுகிறது. மாமா இந்த மூன்றில் எதிலும் வரமாட்டார். வங்கிக் காவலர்களுக்கு விலக்கு அளிப்பது வழக்கத்தில் இருக்கும்போது, நகைக்கடை வாசலில் நிற்பவரின் பிழைப்பையும் ஒரு முறை எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை.

உரிமம் கேட்பவர் ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்று 2016 விதிகள் சொல்கின்றன. அவரை நடுரோட்டில் நிறுத்தப்போகும் காவலருக்கும் அதற்கு ஈடான பயிற்சி தரப்பட வேண்டும்: முதலில் என்ன கேட்பது, எவ்வளவு தள்ளி நிற்பது, துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று யார் பார்ப்பது, புத்தகத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்பது வரை. தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு உரிமதாரருக்கும் தனி அடையாள எண் இருக்கிறது. சோதனையில் நிற்கும் காவலர் அந்த எண்ணை அங்கேயே, அந்த நேரத்திலேயே சரிபார்க்கக் காவல் துறை வழி செய்து தர வேண்டும்.