கோட்டைவாசலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா: பைக் விபத்து நாட்குறிப்பு

ஜூன் 9, 2025, திங்கள்

சாரல் இறங்கிவிட்டது. புளியரை எஸ் வளைவில் ஏறுகிற கனிம லாரி, குற்றாலத்துக்கு இறங்குகிற வேன், இரண்டுக்கும் நடுவே பைக். இந்த 744ஆம் நெடுஞ்சாலையில் யாராவது விழுந்தால் முதலில் வரும் கேள்வி, தமிழ்நாடு-கேரள எல்லையான கோட்டைவாசலுக்குக் கிழக்கேயா மேற்கேயா என்பதுதான். கிழக்கே என்றால் புளியரை ஸ்டேஷன். மேற்கே ஆரியங்காவுப் பக்கம் என்றால் தென்மலை ஸ்டேஷன்.

அடிபட்டவரைத் தென்காசி அரசு மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, "சம்பவம் கேரளாவில், நாங்கள் எழுத முடியாது" என்ற பதிலோடு திரும்பி வருகிறவர்கள் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி எல்லை ஒரு காரணமே அல்ல. எல்லை பார்க்காமல் பதியும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். புகாரில் "ஆரியங்காவு அருகே" என்று மொட்டையாக எழுதாதீர்கள். கிலோமீட்டர் கல், எதிரே இருந்த கடை, எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தார், இந்த மூன்றும் வரவேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

கேஷுவால்டியில் சொல்லும் முதல் வாக்கியம். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

டூட்டி டாக்டர் "எப்படி நடந்தது?" என்று கேட்பார். தூக்கி வந்தவர், விபத்தைப் பார்க்காதவர், பதற்றத்தில் "பைக்ல இருந்து விழுந்துட்டாரு டாக்டர்" என்பார். விபத்துப் பதிவேட்டில் "பைக்கிலிருந்து தானாக விழுந்தார்" என்று ஏறிவிடும். அந்தப் பதிவேட்டின் நகலை, ஏ.ஆர். காப்பியைத்தான் ஒரு வருடம் கழித்து இன்சூரன்ஸ் வக்கீல் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எடுத்து நீட்டுவார்: லாரி மோதவே இல்லை, தானாக வழுக்கி விழுந்தவர், எஃப்.ஐ.ஆர். பின்னால் ஜோடித்தது என்று. கேரளப் பக்கம் காயச் சான்றான வூண்ட் சர்டிபிகேட்டிலும் இதே "எப்படி நடந்தது" வரி உண்டு.

ஆகவே சொல்ல வேண்டியது: இன்ன நேரம், இன்ன இடம், பைக்கில் போகும்போது இன்ன வண்டி மோதியது. நம்பர் தெரிந்தால் நம்பர். தெரியாவிட்டால் "நம்பர் தெரியாத லாரி". யூகித்து ஒரு நம்பரைச் சொல்லிப் பிறகு மாற்றினால் அதைவிடக் கெடுதல்.

தூக்கி வந்தவர் பயப்படத் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ அவரைப் பாதுகாக்கிறது. பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது.

ஜூன் 12, வியாழன்

பைக்கை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவதில் ஒரு அவசரம் எல்லோருக்கும். மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து முடிக்கும்வரை ஒரு திருகைக்கூடக் கழற்றக் கூடாது. வளைந்த ஃபோர்க், நசுங்கிய சைலன்சர், எந்தப் பக்கம் பெயின்ட் ஒட்டியிருக்கிறது என்பதெல்லாம் எந்தத் திசையிலிருந்து இடி வந்தது என்பதற்குச் சாட்சி. சொந்த வண்டிச் சேதத்துக்கு கிளெய்ம் போடுவதானால் சர்வேயர் பார்ப்பதும் அதற்குப் பிறகுதான்.

ஆய்வு முடிந்து நடைமுறைகள் தீர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் வண்டியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஆம் பிரிவு. கேரளாவில் சேதம் மட்டும் என்றால் ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் ஏறும் பதிவின், அதாவது ஜி.டி. என்ட்ரியின், நகல் வாங்கி வையுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும்.

இடித்தது நீங்களே என்றாலும் கடமை உண்டு: நிறுத்துவது, சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வது, 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்வது, சொந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பது.

ஜூன் 17, செவ்வாய்

மத்திய அரசின் பணமில்லாச் சிகிச்சைத் திட்டம் மே மாதம் வந்துவிட்டது. விபத்து நாளிலிருந்து 7 நாள், 1.5 லட்சம் வரை, பட்டியலில் உள்ள மருத்துவமனையில். விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான தமிழ்நாட்டின் "நம்மைக் காக்கும் 48" வேறு திட்டம். அது தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்துக்கு மட்டும். அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை, விழுந்த இடத்தைத்தான் பார்க்கிறது.

ஜூன் 23, திங்கள்

பாலிசியைப் பிரித்துப் படிக்கும் நாள்.

தேர்ட் பார்ட்டி (மூன்றாம் நபருக்கு ஏற்படும் பாதிப்பு) மட்டும் உள்ள பாலிசியில் பின்னால் உட்கார்ந்தவருக்குப் பொறுப்பில்லை என்று கம்பெனி மறுக்கும். சொந்த வண்டிச் சேதத்தையும் சேர்த்த பேக்கேஜ் பாலிசி என்றால் அந்த மறுப்பு நிற்பதில்லை. ஓட்டிய உரிமையாளருக்கு 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பு உண்டு, லைசென்ஸ் செல்லுபடியாக இருந்தால். நண்பரின் பைக்கை இரவல் வாங்கி ஓட்டித் தானே விழுந்தால், அந்த பைக்கின் பாலிசியில் அவர் தேர்ட் பார்ட்டி ஆகமாட்டார். உரிமையாளர் இடத்தில்தான் வைக்கப்படுவார். 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

ஒரே பைக்கில் மூன்று பேர் ஏறியிருந்தாலே இழப்பீட்டுத் தொகையைக் குறைப்பார்கள் என்ற பேச்சும் தவறு. மூன்று பேர் ஏறியதுதான் விபத்துக்கோ காயத்துக்கோ காரணம் என்று காட்ட வேண்டும். ஹெல்மெட் போடாததும் அப்படியே: தலைக்காயத்தில் அந்த வாதம் எடுபடலாம், கணுக்கால் முறிவில் அதற்கு வேலை இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

தென்மலையில் எஃப்.ஐ.ஆர். என்பதால் புனலூர் தீர்ப்பாயத்துக்குத்தான் அலைய வேண்டும் என்று நினைக்கிறார்கள். வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 166(2) மனுதாரருக்கு விருப்பம் தருகிறது: விபத்து நடந்த இடம், மனுதாரர் குடியிருக்கிற அல்லது தொழில் செய்கிற இடம், எதிர்மனுதாரர் குடியிருக்கிற இடம். செங்கோட்டைக்காரர் தென்காசியிலேயே போடலாம். ஆனால் எஃப்.ஐ.ஆர்., மகஜர், குற்றப்பத்திரிகை எல்லாம் மலையாளத்தில் இருக்கும். மொழிபெயர்ப்பை முன்கூட்டியே தயார் செய்யாவிட்டால் வாய்தா மேல் வாய்தா.

மனு போட விபத்து நாளிலிருந்து 6 மாதம்தான் கெடு; இந்த விதி 2022 ஏப்ரல் 1 முதல். குற்றப்பத்திரிகை வரட்டும் என்று காத்திருக்காமல் எஃப்.ஐ.ஆரை வைத்தே மனு போடுங்கள்.

ஜூலை 4, வெள்ளி

இழப்பீட்டுத் தொகை எப்படி வருகிறது? 32 வயது சுமைதூக்கும் தொழிலாளி, மாதம் 15,000 என்று வைப்போம். 40 வயதுக்குக் கீழ், சுயதொழில். எதிர்கால வருமானத்துக்கு 40% கூட்டு: 21,000. ஆண்டுக்கு 2,52,000. ஆண்டுத் தொகையைப் பெருக்க வேண்டிய எண், அதாவது பெருக்கெண், அந்த வயதுக்கு 16.

மருத்துவ வாரியம் முழு உடலுக்கு 15% ஊனம் என்றால், 37,800 × 16 = 6,04,800. ஆனால் முன்போல மூட்டை தூக்க முடியாதவருக்கு வருமான இழப்பு 25% என்று நிரூபித்தால் 10,08,000. டாக்டர் போட்ட சதவீதமும் தொழிலில் இழந்த சதவீதமும் ஒன்றல்ல. அதனால்தான் டாக்டரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, இவரால் குந்த முடியுமா, பாரத்தோடு படி ஏற முடியுமா என்று கேட்க வைக்க வேண்டும். சிகிச்சைச் செலவு, வலி வேதனை எல்லாம் இதற்கு மேலே தனி.

சம்பளத்துக்குக் காகிதம் இல்லாதவர்கள்தான் இதில் அதிகம் இழக்கிறார்கள். சங்க அட்டை, கூலி வரவான வங்கிப் பாஸ்புக், எது இருந்தாலும் கொடுங்கள்.

ஜூலை 8, செவ்வாய்

இடித்த வண்டி தப்பிவிட்டால், மத்திய அரசுத் திட்டத்தில்: உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. விண்ணப்பம் விபத்து நடந்த பகுதிக்கான விசாரணை அதிகாரியிடம்; கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் போன்ற வருவாய்த் துறை அதிகாரி. வண்டி பிறகு பிடிபட்டு தீர்ப்பாயத்தில் இழப்பீடு கிடைத்தால், இந்தத் தொகை அதில் கழியும்.