கட்டுப்பாட்டு அறைப் பயிற்சி நாட்கள்

ஜூன் 3
பேரிடர் கட்டுப்பாட்டு அறைப் பயிற்சி இன்று தொடங்கியது. வந்ததும் வராததுமாக ஒத்திகை. ஆற்றின் நீர்மட்டத்தைச் சீட்டில் எழுதித் தருவார்கள், அரை மணிக்கு ஒரு சீட்டு. கரையோர மக்களை எப்போது வெளியேறச் சொல்வது என்று நாங்கள் ஐந்து பேரும் சொல்ல வேண்டும். "அடுத்த அளவு வரட்டும், பார்க்கலாம்" என்று மூன்று முறை சொன்னேன். நான்காவது சீட்டில் சாலை மூழ்கிவிட்டது. முடிவெடுப்பதைத் தள்ளிப்போடுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் மூன்று முறையும், மக்கள் அங்கேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்திருக்கிறேன்.

ஜூன் 4
பின்னோக்கிக் கணக்கிடப் பழகினோம். சாலை எப்போது மூழ்கும், அதற்கு முன் எல்லோரும் வெளியேற எத்தனை மணி நேரம் ஆகும், பேருந்துகள் வந்து சேர எவ்வளவு நேரம்? எல்லாவற்றையும் கழித்தால், அறிவிக்க வேண்டிய நேரம் நாம் நினைப்பதைவிட வெகு முன்னால் வந்து நிற்கிறது. அப்போது ஆறு சாதுவாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஜூன் 5
இன்று படித்தது மனதை விட்டு அகலவில்லை. ஜப்பான், இஷினோமாகி நகரின் ஓகாவா தொடக்கப்பள்ளி, 2011 மார்ச் 11. நிலநடுக்கம் நின்றபின் சுனாமி வந்து சேர ஏறத்தாழ 50 நிமிடங்கள் இருந்தன. பள்ளிக்குப் பின்னாலேயே குன்று. பிள்ளைகளோ மைதானத்தில் காத்திருந்தார்கள். பள்ளியின் அவசரகாலக் கையேட்டில், அருகிலுள்ள காலி இடத்துக்கோ பூங்காவுக்கோ போக வேண்டும் என்று இருந்ததே தவிர, எந்த இடம் என்று இல்லை. குன்றில் மரம் விழுமோ என்ற பயம் வேறு. கடைசியில் ஆற்றுப் பாலத்தருகே இருந்த மேட்டை நோக்கிக் கிளம்பினார்கள். அலை எதிரே வந்துவிட்டது. 74 பிள்ளைகள், 10 ஆசிரியர்கள்.

அந்த ஆசிரியர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நில அதிர்வுகள் தொடர, பிள்ளைகள் அழ, அந்த நேரத்தில் இடம் தேடும் நிலையில் அவர்களை விட்டதுதான் தவறு. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், முன்கூட்டியே செய்திருக்க வேண்டிய ஏற்பாட்டில்தான் குறை கண்டது. 2019இல் உச்ச நீதிமன்றத்தில் அத்தீர்ப்பு உறுதியானது.

ஜூன் 7
சரி, எல்லோரையும் உடனே கிளப்பிவிட்டால் போதுமா? அதுவும் இல்லை. 2005இல் ரீட்டா சூறாவளிக்குப் பயந்து அமெரிக்காவின் டெக்சாஸில் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கிளம்ப, நெடுஞ்சாலைகள் திணறின. முதியோர் இல்லத்திலிருந்து ஆட்களை ஏற்றிவந்த பேருந்து தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். யார் முதலில், யார் அப்புறம், யார் இருக்கும் இடத்திலேயே மாடிக்கு ஏறினால் போதும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

ஜூன் 8
மறுபடி அதே ஆறு. இம்முறை எந்த அளவைத் தொட்டால் அறிவிப்பது, யார் அறிவிப்பது என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்திட்டோம். இரண்டாவது சீட்டில் அந்த அளவு வந்தது. விவாதமே இல்லை, அறிவித்தோம். ஆறாவது சீட்டில் நீர் வடிந்துவிட்டது, கரை உடையவில்லை. வீண் அலைச்சல் என்று மக்கள் கோபப்படுவார்கள் என்றார் உடனிருந்தவர். ஏன் அழைத்தோம், எந்த அளவைக் கண்டு அழைத்தோம் என்று அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினோம். ஒத்திகைக்குத்தான், இருந்தாலும் நான்கு முறை திருத்தினோம்.

முதியோர் இல்லத்துக்கு மட்டும் இன்னும் தாழ்வான ஓர் அளவு வேண்டும். அவர்கள் கிளம்பவே அதிக நேரம் பிடிக்கும். அதை நாளைக்குக் குறித்து வைத்திருக்கிறேன்.