எர்ன்ஸ்ட் ஃபுக்ஸும் முட்டை கலந்த வெள்ளை அடுக்கும்

ஆஸ்திரிய ஓவியர் எர்ன்ஸ்ட் ஃபுக்ஸின் (1930–2015) படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் யூத மறைஞானம், எசேக்கியேலின் தரிசனம் என்று எங்கெங்கோ போய்விடுகிறார்கள். அதெல்லாம் அவர் படங்களில் உண்டுதான். ஆனால் அந்த முகங்கள் உள்ளிருந்து ஒளிர்வதற்குக் காரணம் முட்டை.

வியன்னா அகாடமியில் கூட்டர்ஸ்லோவிடம் படித்த ஃபுக்ஸ், அரூப ஓவியம் கொடிகட்டிப் பறந்த காலத்தில் வான் ஐக், டியூரர் போன்ற பழைய ஐரோப்பிய ஓவியர்களைத் தேடிப் போனார். கையில் எடுத்த செய்முறை மாக்ஸ் டோர்னர் 1921இல் வெளியிட்ட நூலில் இருப்பது: டெம்பராவும் (முட்டையில் குழைத்த வண்ணம்) எண்ணெய் வண்ணமும் மாறிமாறிப் பூசும் 'மிஷ்டெக்னிக்'. வான் ஐக் இப்படித்தான் வரைந்தார் என்றார் டோர்னர். பிற்கால ஆய்வகச் சோதனைகளில் தெரியவந்ததோ பெரும்பாலும் எண்ணெய்தான். வரலாறு தப்பு, முறை என்னவோ அருமையாக வேலை செய்கிறது.

கலவை இதுதான். முழு முட்டை ஒரு பங்கு, லின்சீட் (ஆளி விதை) எண்ணெயும் டாமர் என்ற மரப்பிசின் வார்னிஷும் சேர்ந்து ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு வரை. முட்டையை மூடிபோட்ட பாட்டிலில் நன்றாகக் குலுக்கி, எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குலுக்க வேண்டும். தண்ணீர் கடைசியில்தான், முந்தினால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் நாற்றம் வந்துவிட்டால் கொட்டிவிடுங்கள்.

இந்தக் கலவையில் டைட்டானியம் வெள்ளைத் தூளைக் குழைத்துக்கொள்ளுங்கள். கெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசிய பலகையில் கோட்டுருவம் போட்டு, மேலே சிவப்பு எண்ணெய் கிளேஸை (ஒளி ஊடுருவும் வண்ணப் பூச்சு) மெல்லிசாகத் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே வெளிச்சம் விழும் இடங்களில் நுனித் தூரிகையால் வெள்ளைக் கோடுகள். காய்ந்ததும் மஞ்சள் கிளேஸ், மறுபடி வெள்ளை. பிறகு நீலம், மறுபடி வெள்ளை. ஃபுக்ஸின் மாணவர்கள் வழியாகப் பரவிய வரிசை இது. அதற்கப்புறம்தான் பொருளுக்குரிய நிறங்கள். ஒளி மேலடுக்குகளை ஊடுருவி, வெள்ளையில் பட்டுத் திரும்புகிறது.

சொதப்புவது பெரும்பாலும் கிளேஸில்தான். தடிமனாகப் பூசினால் வெள்ளை முத்துமுத்தாகத் திரண்டு நிற்கும். உள்ளங்கையால் ஒற்றி எடுத்து மெல்லிசாக்க வேண்டும். அடுக்கு முழுக்கக் காய்ந்து வழவழத்துப்போய் டெம்பரா ஒட்டவில்லையென்றால், நறுக்கிய வெங்காயத்தை லேசாகத் தேய்ப்பது பழைய வைத்தியம். கித்தானில் முயல வேண்டாம். துணி தொய்ந்தால் டெம்பரா வெடிக்கும். எண்ணெய் மிகுந்த அடுக்கின்மேல் எண்ணெய் குறைந்த அடுக்கைத் தடிமனாக ஏற்றினாலும் விரிசல்தான், அதுவும் பல மாதம் கழித்து, படம் சுவரில் மாட்டிய பிறகு.