சுற்றுகிறது, எடுக்கவில்லை

நவம்பர் 6, வியாழன்

செல்ஃப் சுற்றுகிறது. எஞ்சின் எடுக்கவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

நேற்று ஒரு வரிக்கு மேல் எழுத மனம் வரவில்லை. இன்று காலை நிதானமாகத் தொடங்கினேன். 1984ஆம் ஆண்டின் மார்க் 4 அம்பாசடர், 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், ஏப்ரலுக்குப் பிறகு யாரும் தொடாத வண்டி. பாட்டரி புதியது. சும்மா இருக்கையில் 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கையில் 10.4 வோல்ட். எனவே சுற்றும் வேகத்தில் குறையில்லை. இனிக் கேட்க வேண்டியவை மூன்றே: பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் கரண்ட் வருகிறதா, சிலிண்டரில் அழுத்தம் நிற்கிறதா. சந்தேகப்பட்டதையெல்லாம் மாற்றிப் பார்க்கும் வழக்கத்தை இம்முறை கைக்கொள்ளக் கூடாது என்று உறுதி செய்துகொண்டேன், ஏனெனில் காசை விட நாட்கள்தான் என்னிடம் குறைவாக இருக்கின்றன.

மாலையில் டேங்கை இறக்கினேன். வெளியே வந்தது பெட்ரோல் என்று சொல்லத் தக்கதாக இல்லை. பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்தது போன்ற நெடி. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஜன்னல் விளிம்பில் வைத்தேன். அரை மணி நேரத்தில் அடியில் விரற்கடை உயரத்துக்கு வேறு நிறத்தில் ஒரு நீர்மம் தங்கி, இரண்டுக்கும் நடுவே கத்தியால் கீறியது போல ஒரு கோடு தெரிந்தது. இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். எஞ்சினுக்குப் போகும் குழாய் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான்.

இதுதான் காரணம் என்று நம்பித் தூங்கப் போகிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

அது மட்டும் காரணம் அல்ல. டேங்கைக் கழுவி, விறைத்துப்போன ரப்பர் ஹோஸ்களை மாற்றி, ஐந்து லிட்டர் புதிய பெட்ரோல் ஊற்றினேன். கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டுச் சுற்றியபோது பெட்ரோல் துடித்துத் துடித்து விழுந்தது. பம்ப் நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஹோஸை மாட்டி மறுபடி சுற்றியும் எடுக்கவில்லை. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் நான்கும் நனைந்திருந்தன. பெட்ரோல் சிலிண்டர் வரை வந்துவிட்டது, எரியத்தான் இல்லை. இந்த ஈரம் எனக்கு ஆறுதலாக இருந்தது, தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டதே.

அழுத்தத்தையும் அளந்தேன்: 118, 115, 120, 112 பி.எஸ்.ஐ. நாற்பது வயது கடந்த எஞ்சினுக்கு இது கௌரவமான கணக்கு. எண்களை எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். பதில் இல்லை.

பிளக்குகளைக் கேஸ் அடுப்பில் வாட்டிக் காயவைத்தேன். அடுப்பு புதன்கிழமை போகிறது.

நவம்பர் 10, திங்கள்

நாள் முழுவதும் மழை. ஷெட்டின் தகரத்தில் அது விழும் ஓசையைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

பொறியைப் பார்க்கப் பகல் வெளிச்சம் உதவாது. இருட்டிய பிறகு ஒரு பிளக்கை ஒயரில் செருகி, அதன் உடம்பு எஞ்சின் இரும்பைத் தொடும்படி வைத்துவிட்டுச் சுற்றினேன். பொறி வந்தது, ஆனால் மஞ்சள் நிறத்தில், மெல்லியதாக, ஒன்று விட்டு ஒன்று. நல்ல பொறி நீலமாக இருக்க வேண்டும், டப் டப்பென்று காதில் விழ வேண்டும். திறந்த வெளியிலேயே தடுமாறும் பொறி, சிலிண்டருக்குள் இறுகிக் கிடக்கும் காற்றையும் பெட்ரோலையும் தாண்டிக் குதிக்கப் போவதில்லை.

நான்கு பிளக்குகளுக்கும் கரண்டைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, நான்கு ஒயர்களையும் உருவித் துடைத்து, மூடியின் உட்புறத்தையும் உலர்த்தி மாட்டினேன். அதே மஞ்சள்.

நவம்பர் 13, வியாழன்

பாயிண்ட், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்டை விட்டு விட்டு வெட்டும் சிறு சுவிட்ச். அதன் இரண்டு முகங்களில் ஒன்றில் சிறு மேடும் மற்றதில் சிறு குழியும் இருந்தன. அரம் போட்டுச் சமன் செய்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை 0.40 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். தகடு உள்ளே போகும்போது விரலுக்கு ஒரு மெல்லிய இழுப்பு மட்டும் தெரிய வேண்டும். அதற்கு மேலும் கூடாது, கீழும் கூடாது. அந்த இழுப்பைத் தேடிப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தில் வேறு எதையும் நான் நினைக்கவில்லை.

பொறி சற்றே தேறியது, ஆனாலும் மஞ்சள்.

நவம்பர் 15, சனி

அக்கா பேசினாள். வீட்டைக் காலி செய்ய முப்பதாம் தேதிக்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாதாம். பழைய இரும்புக் கடைக்காரரை அவளே அனுப்பியிருந்தாள்; அவர் வண்டியைச் சுற்றி நடந்து, ஒரு விலையைச் சொல்லி, கயிறு கட்டி இழுத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். இந்தக் கேட்டின் வழியே எத்தனையோ முறை தானே உள்ளே வந்த வண்டி, வெளியே போவதும் தானாகவே போக வேண்டும். இதை அக்காவிடம் சொல்லத் தெரியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

கண்டன்சர், கண்டன்சர், கண்டன்சர். இரண்டு நாட்களாக இந்த ஒரே சொல்தான் தலைக்குள் ஓடுகிறது. பாயிண்ட் திறக்கும் நொடியில் காயிலின் முதல் சுற்றில் ஓடும் மின்னோட்டம் வெட்டென்று நிற்க வேண்டும். அப்போதுதான் இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும். கண்டன்சர் செத்திருந்தால் ஓட்டம் உடனே நிற்காமல் பாயிண்டின் இடைவெளியிலேயே பொறியாகச் சிந்திவிடும், பிளக்குக்கு மிச்சம்தான் போகும். மேடும் குழியும் இருந்ததை வைத்து இதுதான் என்று முடிவுகட்டி, நேற்று மழையில் புதுப்பேட்டைக்குப் போய்ப் புதியது வாங்கி வந்து மாட்டினேன். நிறம் மாறவில்லை. அதன் பிறகுதான் பழையதை மீட்டரில் வைத்துப் பார்த்தேன்: 0.21 மைக்ரோஃபாரட். குறையே இல்லாதது. ஏழாம் தேதி எனக்கு நானே கொடுத்துக்கொண்ட வாக்கை மீறியிருக்கிறேன். சோதிக்காமல் மாற்றியதில் ஒரு நாள் போய்விட்டது.

காயிலின் முதல் சுற்றும் 3.1 ஓம் காட்டுகிறது, அதுவும் சரி. அப்படியானால் உண்டாகும் மின்சாரம் எங்கே போகிறது?

நவம்பர் 17, திங்கள்

நல்ல கரண்ட் உண்டாகவில்லையா, அல்லது உண்டாகி வழியில் ஒழுகுகிறதா? இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

நவம்பர் 18, செவ்வாய்

பாய் வந்தார். எழுபதைத் தாண்டியவர், இதே எஞ்சினுடன் டாக்சி ஸ்டாண்டுகளில் முப்பது ஆண்டுகள் கழித்தவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவுக்கு வரும் தடித்த ஒயரை உருவி, எஞ்சின் இரும்புக்கு அரை அங்குலம் தள்ளிப் பிடித்துச் சுற்றச் சொன்னார். நீலம்! இத்தனை நாள் நான் தேடிய நீலம், சத்தத்தோடு. காயில், பாயிண்ட், கண்டன்சர் ஆகிய மூன்றும் அந்த ஒரு பொறியில் குற்றமற்றவை ஆயின.

பிறகு அவர் செய்ததை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுழன்று ஒவ்வொரு ஒயருக்கும் கரண்டைத் திருப்பிவிடும் ரோட்டாரின் பித்தளைத் தகட்டுக்கு மேலே, மூடியை எடுத்துவிட்டு, தொடாமல், அதே ஒயரைப் பிடித்துக்கொண்டு, பாயிண்டை விரல் நகத்தால் தட்டித் திறக்கச் சொன்னார். ரோட்டார் பழுதில்லாமல் இருந்தால் அந்த மின்சாரம் இறங்கிப் போக வழி இருக்காது. ஆனால் ஒவ்வொரு தட்டலுக்கும் தகட்டின் மேல் பொறி பளிச்சென்று விழுந்தது. அதாவது ரோட்டாரின் உடம்பையே துளைத்துக்கொண்டு நடுத்தண்டின் வழியே எர்த்துக்குப் போகிறது. கழற்றித் திருப்பிக் காட்டினார். பித்தளையைப் பிடித்திருக்கும் ரிவெட்டுக்குக் கீழே, தலைமுடியைவிட மெல்லிய ஒரு கறுப்புக் கோடு உள்பக்கம் வரை இறங்கியிருந்தது. போன செவ்வாய்க்கிழமை நான் துடைத்து மாட்டியதும் இதே ரோட்டார்தான், திருப்பிப் பார்க்கவில்லை.

“புதுசு வாங்காதீங்க சார், நாளைக்கு நான் கொண்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் 19, புதன்

அவர் கொண்டுவந்தது ஒரு பழைய டாக்சியிலிருந்து எப்போதோ கழற்றிய ரோட்டார், எண்ணெய்த் துணியில் சுற்றியது. அதே சோதனையை முதலில் அதற்குச் செய்தோம், பொறி விழவில்லை. மாட்டியதும் பிளக்கிலும் நீலம் வந்துவிட்டது. சாவியைத் திருப்பினேன். கார்புரேட்டர் வழியே வெடித்தது. வண்டி முழுவதும் உதறிற்று, மறுபடி வெடித்தது, நின்றது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, பாய் வேறு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

பதின்மூன்று நாட்களுக்குப் பிறகு எரிந்திருக்கிறது. தவறான நேரத்தில், ஆனாலும் எரிந்திருக்கிறது.

நவம்பர் 20, வியாழன்

அலமாரிகள் போய்விட்டன. வீட்டுக்குள் பேசினால் எதிரொலிக்கிறது.

நவம்பர் 21, வெள்ளி

இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டேன், விடை கையிலேயே இருந்தது. இந்த எஞ்சின் எரியும் வரிசை 1-3-4-2. ரோட்டார் மேலிருந்து பார்க்கையில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். பதினோராம் தேதி இருட்டில் ஒயர்களைத் துடைத்து மாட்டியபோது நான் வரிசையைச் சரியாகவே எண்ணினேன், ஆனால் கடிகாரத் திசையில் எண்ணினேன். அப்படி மாட்டினால் 1உம் 4உம் தம் இடத்திலேயே இருக்கும். 2உம் 3உம் மட்டும் இடம் மாறிவிடும். பாதி எஞ்சின் சரியாக எரிய முயன்றது, மறுபாதி அதை எதிர்த்து வெடித்தது. ஒரு பழுதுக்கு மேல் என் கையாலேயே இன்னொன்றை ஏற்றி வைத்திருக்கிறேன். முதலாவது இருந்தவரை இரண்டாவது வெளியே தெரியவே இல்லை.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு ஒயர்களையும் மாற்றினேன். அக்கம்பக்கம் தூங்குவதால் சாவியைத் தொடவில்லை.

நவம்பர் 22, சனி

காலை 6.10. சோக்கை முழுவதும் இழுத்து, மூன்றாவது சுற்றில் எடுத்தது.

ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தே இதை எழுதுகிறேன். எழுத்து நடுங்குவது எஞ்சினால். சோக்கைப் பாதி தள்ளிவிட்டேன், நான்கும் எரிகின்றன, சூடு முள் மெல்ல ஏறுகிறது. பாய்க்குப் போன் செய்து ரேடியேட்டர் பக்கமாக நீட்டினேன்; சற்று நேரம் கேட்டுவிட்டு, டைமிங்கைக் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டும் என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்து லிட்டரில் பாதிக்கு மேல் செலவாகியிருக்கும். கேட்டைத் திறந்து வைத்துவிட்டேன். பங்கு வரை போய்